72-ஐத் தாண்டிய ஒரு வரி

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் ஆண்டறிக்கையை மார்க்டவுனில் (எளிய குறிகளால் வடிவமைக்கும் வெற்று உரை முறை) எழுதி, பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் மூலம் வேர்டு கோப்பாக மாற்றினேன். அதிலிருந்த ஓர் அட்டவணையில் வரிசை எண்ணுக்கான நெடுவரிசை அகன்று விரிய, பெயர்கள் நசுங்கிக் கிடந்தன. எழுத்துருவை மாற்றினேன், வேர்டு வடிவமைப்பைத் தீர்மானிக்கும் மாதிரிக் கோப்பைத் திருத்தினேன். மூன்று நாள் வீண்.

அதே அமைப்பிலான பக்கத்து அட்டவணை மட்டும் ஒழுங்காக வந்தது. ஒப்பிட்டால், இதில் ஒரு வரி மிக நீளம். செங்குத்துக் கோட்டு அட்டவணையில் (நெடுவரிசைகளை | குறியால் பிரித்து எழுதுவது) ஏதேனும் ஒரு வரி 72 எழுத்தகலத்தைத் தாண்டினால், தலைப்பின் கீழுள்ள சிறுகோடுகளின் எண்ணிக்கை விகிதத்தில்தான் அகலம் பிரிக்கப்படுகிறது. நானோ எல்லாவற்றுக்கும் சமத்தாக மும்மூன்று கோடு போட்டிருந்தேன்! 4, 30, 10 என மாற்றியதும் சரியானது.

அதே அறிக்கையில் ஒரு படத்தின் விளக்கவரியும் காணாமல் போயிருந்தது. அதற்குக் காரணம் இன்னும் அற்பம்: படம் தனிப் பத்தியாக இல்லை. மேலும் கீழும் வெற்று வரி விட்டேன், வந்துவிட்டது.