வீட்டிலேயே கார் டீட்டெய்லிங்: முதலில் இரண்டு வாளி

வீட்டு வாசலில் கார் டீட்டெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கித் தரும் தொழில், தொடங்க நினைப்பவர்கள் முதலில் பாலிஷ் மெஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அது அப்புறம். முதலில் வாங்க வேண்டியது இரண்டு வாளியும் ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணியும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். தேய்க்கும் துணியை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். பெயின்ட்டில் சிலந்திவலை மாதிரி தெரியும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் அழுக்குத் துணியின் வேலைதான். சக்கரத்துக்குத் தனித் துணி வையுங்கள். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் திரும்பத் தொடவே கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம், மெழுகுப் பூச்சு போய்விடும். வெயிலில் ஷாம்பு காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும் என்பதால் நிழலில் கழுவுங்கள்.

சரி, கட்டணம்? சொந்தக் காரை உள்ளும் புறமும் ஒருமுறை முழுசாகச் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்ததைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் விலை போட வேண்டும். நாய் முடி ஒட்டிய சீட் என்றால் தனிக் கட்டணம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாவியை வாங்கியதுமே பழைய கீறல், நெளிசல் எல்லாவற்றையும் உரிமையாளர் எதிரிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.