கூத்தை வைத்து ஊரைக் கூட்ட நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரங்களில் தெருக்கூத்தை முன்வைத்து ஊர்மக்களை ஒன்றுகூட்ட வேண்டும் என்ற ஆர்வத்தோடு புதிதாக வரும் இளைஞர்கள், நாங்கள் தொடக்கத்தில் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மைக் செட்டு, மழை, காவல்துறை அனுமதி ஆகியவற்றை அனுபவமே கற்றுக்கொடுத்துவிடும்.

முழுச் செலவையும் வெளியிலிருந்து கொண்டுவருவது

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நடக்கும், அர்ச்சுனன் தபசு ஒருநாள், கடைசி நாள் காலையில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல், அவன் வீழ்வதை நடித்துக்காட்டும் படுகளம், மாலையில் தீமிதி. இத்தனைக்குமான செலவை ஊர்கள் பெரும்பாலும் தலைக்கட்டு வரியாகவே, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, திரட்டுகின்றன. வரி கொடுத்தவர் கணக்குக் கேட்பார், குறையிருந்தால் கோயில் வாசலிலேயே சண்டைக்கு நிற்பார், அந்த உரிமையோடுதான் படுகளத்துக்கு மண் குழைக்கவும் வந்து நிற்பார்.

ஓர் ஊரில், மக்களுக்குச் சுமை வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், வெளியிலிருந்து வந்த அமைப்பு ஒன்று அந்த ஆண்டு வரியே வேண்டாம் என்று அறிவித்தது. பந்தல், விளக்கு, சாப்பாடு எதிலும் குறையில்லை. அடுத்த ஆண்டு நிதி நின்றது. பங்குனி பிறந்தும் வரி நோட்டை யாரும் கையில் எடுக்கவில்லை. பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, "அவங்க இன்னும் வரலியேப்பா, வந்தாத்தானே தெரியும்" என்றார். தலைமுறை தலைமுறையாகத் தாங்களே நடத்திவந்த விழாவுக்கு அந்த ஊரார் விருந்தாளிகளாகிவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அதற்காக, வரி என்றாலே நியாயம் என்றும் நம்பிவிடக் கூடாது. காலனியில் வாழும் தலித் குடும்பங்களிடம் வரி வாங்க மறுக்கும் ஊர்கள் உண்டு. அது சலுகையன்று, விழாவில் அவர்கள் பங்கு கேட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆகவே ஊருக்குள் நுழைந்ததும் யாரிடமெல்லாம் வரி வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள்; எல்லாத் தலைக்கட்டுகளிடமும் வாங்கினால்தான் நாங்களும் கொடுப்போம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிப்பணத்தை, ஊர் வழக்கமாகச் செலவிடாத இடத்தில் போடுவதே முறை. தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்; அந்தப் பெயரில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்கு அருகில் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு சிறுமியருக்கும் கூத்துக் கற்பித்தது. ஆண்களே ஆடிவந்த களரியில், அதாவது ஆடுகளத்தில், பெண்பிள்ளைகளை மர அணிகள் பூட்டிய கட்டை வேஷம் கட்டவைக்கும் அத்தகைய வேலைக்கு எந்த ஊரின் வரியும் போதாது.

கூத்தை ஒரு மணி நேரமாக வெட்டுவது

திரைக்குப் பின்னிருந்து பாடி, திரை விலகி வேஷம் முழுதாக வெளிப்படவே வெகுநேரம் ஆகும். நடுச்சாமத்தில் பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு, ஆண்டு முழுவதும் முகம்கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே தூக்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிறப்பு விருந்தினரின் நேரத்துக்காக ஆட்டத்தை வெட்டினால் முதலில் போவது இதுதான்.

அறுவடை நாட்களில் தேதி குறிப்பது

வேண்டாம். கண்விழிக்க ஆள் இராது.

அன்பளிப்பு அறிவிப்பை நிறுத்துவது

ஆட்டத்தின் நடுவே, பணம் கொடுத்தவர் பெயரை, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சொல்வது இடையூறாகத் தோன்றலாம். தொடாதீர்கள்.

சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது

செட்டுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஆட்டத்தை உறுதிசெய்யத் தாம்பூலம் கொடுக்கும்போதே தொகையைப் பேசி முடியுங்கள். முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், பின்பாட்டுக்காரர் வரை அனைவருக்கும் பங்கு பிரிக்க, குழுவை நடத்தும் வாத்தியாருக்கு நேரம் வேண்டும். அரிதாரம் கலைத்ததும் முதல் பேருந்தைப் பிடித்து அவர்கள் அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருக்கும்.