கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்: பெண்கள் எந்த டெஸ்டை, எப்போது, எப்படி எடுக்க வேண்டும்?

ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே நோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் டெஸ்ட். உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ரத்தப்போக்கு, மார்பில் கட்டி, காம்பில் ரத்தம் கலந்த கசிவு இவற்றில் எது இருந்தாலும், போன முறை ரிப்போர்ட் நார்மல்தானே என்று இருந்துவிடாதீர்கள். நேராக மருத்துவரைப் பாருங்கள்.

கருப்பைவாய்க்கு முக்கியமாக இரண்டு டெஸ்ட். செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது பாப் ஸ்மியர். அந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது எச்.பி.வி. டெஸ்ட். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னபடி, 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. டெஸ்ட், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பாப் மட்டும் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. 30-ஐத் தாண்டியவர்கள் எச்.பி.வி. டெஸ்டையே கேளுங்கள், அதில் நெகட்டிவ் வந்தால் நீண்ட காலத்துக்கு நம்பலாம். இருபதுகளில் இந்தத் தொற்று சகஜம், பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்பதால் அந்த வயதில் பாப் போதும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டிருந்தாலும் டெஸ்டை விடக்கூடாது. கருப்பையை எடுத்தவர்கள், கருப்பைவாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அது உள்ளேயே இருந்தால் டெஸ்ட் தொடர வேண்டும்.

பாப் ஸ்மியருக்கு எடுக்கும் மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய காரணங்களால்தான். மாதவிடாய் தொடங்கி 10 முதல் 20 நாளுக்குள் போங்கள். ரத்தம் செல்களை மறைத்துவிடும். 48 மணி நேரம் முன்பிருந்தே உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது எதுவும் வேண்டாம். கண்ணாடி ஸ்லைடில் தடவும் முறையென்றால் உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். கொஞ்சம் காய்ந்தாலும் செல்கள் உப்பி, உருக்குலைந்து, படிக்க முடியாமல் போகும். திரவக் குப்பியில் போடும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ரிப்போர்ட்டில் ‘மாதிரி போதவில்லை’ என்றிருந்தால் அது நார்மல் அல்ல. 2 முதல் 4 மாதத்துக்குள் மறுபடி எடுங்கள்.

எச்.பி.வி. மாதிரியை நீங்களே எடுக்கும் கிட்டும் உண்டு. கையைக் கழுவி, கிட்டில் உள்ள குச்சியின் முனையைத் தொடாமல் பிறப்புறுப்புக்குள் விட்டு, கிட்டில் சொன்ன நேரம் வரை மெதுவாகச் சுழற்றி, டியூபில் போட்டு இறுக மூடுங்கள். பெயர், தேதி எழுத மறந்தால் லேப் அதைத் திருப்பிவிடலாம்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி.-யில் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். அவை வந்திருந்தால் கால்போஸ்கோபியை, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடாதீர்கள். பாப் ரிப்போர்ட்டில் எச்.எஸ்.ஐ.எல். (செல்களில் தீவிர மாற்றம்) என்றிருந்தாலும் அப்படியே.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் 50 முதல் 69 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். சில நாடுகளில் 40-லேயே தொடங்குகிறார்கள். அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் பேசுங்கள். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் அழுத்தும்போது வலி குறைவு. அன்று பவுடர், டியோடரண்ட் போடாதீர்கள். அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரிந்து வீண் பயத்தைக் கிளப்பும். பழைய படங்களையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும், சந்தேகம் எவ்வளவு என்று சொல்வது அது. 0 என்றால் இன்னும் படம் தேவை. 3 என்றால் பெரும்பாலும் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்ஸி, அதாவது சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது.

சினைப்பைப் புற்றுநோய்க்கென்று ஹெல்த் பேக்கேஜில் சேர்த்துத் தரும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையைத் தொந்தரவு இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம். மாதவிடாய், கர்ப்பம், ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் சாதாரணக் கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) எதனாலும் அது ஏறும். சினைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் இருக்கும்போது ஏறாமலும் இருக்கலாம்.

எந்த டெஸ்டானாலும், ரிப்போர்ட் எந்தத் தேதியில் வரும், யார் சொல்வார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். போன் வரவில்லை என்றால் எல்லாம் நார்மல் என்று எடுத்துக்கொள்ளாமல் நீங்களே கூப்பிடுங்கள்.