பெட்டி ஆமையின் ஓடு உறுதியாக இருக்க: தீனி, சுண்ணாம்புச்சத்து, வெயில்

ஓட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை முதலில் நிறுத்துங்கள். ஓடு என்பது முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒன்றுசேர்ந்த எலும்பு. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற தகடுகள் இருக்கின்றன. மேலே தடவுவது எலும்புக்குப் போய்ச் சேராது. பிசுக்கில் மண் ஒட்டி, தகட்டு இடுக்கில் அழுக்குத்தான் சேரும். ஓடு தேறுவது வயிற்றின் வழியாகத்தான்.

பெட்டி ஆமை வட அமெரிக்கக் காட்டுத்தரையில் வாழ்வது. புழு, பூச்சி, காளான், பழம் எல்லாம் தின்னும். வளர்ந்த ஆமைக்குப் பாதி புழு பூச்சி, பாதி கீரையும் காயும் கொஞ்சம் பழமும். குட்டிக்குப் புழு பூச்சியே கூடுதலாக வேண்டும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வையுங்கள். அரைமணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு போதும்.

மண்புழுவை மருந்து அடிக்காத தோட்டத்தில் எடுங்கள். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், பப்பாளி எந்நாளும் கிடைக்கும். கிழங்கை வேகவைத்து மசித்து வையுங்கள். இம்மூன்றும் வைட்டமின் ஏ தருபவை. அது குறைந்தால் கண் வீங்கும், காதுப்பக்கம் கட்டி கிளம்பும். பெட்டி ஆமைக்கு இது அடிக்கடி வரும் கோளாறு. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை நல்லவை. பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பூவும் வைப்பதென்றால், சந்தைப் பூவிலும் பூச்சிமருந்து இருக்கும், வீட்டுச் செடியில் பூத்ததையே கொடுங்கள். சோறு, இட்லி, ரொட்டி, பால் எதுவுமே கூடாது.

புழு பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மொத்தத் தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்காவது வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை கேட்டு வாங்குங்கள். அது கணவாயின் உள் ஓடு. கத்தியால் சுரண்டினால் மாவாக உதிரும்; வாரம் இரண்டு மூன்று முறை தீனிமேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். ஒரு துண்டைத் தொட்டியிலும் போட்டு வையுங்கள், வேண்டும்போது கொறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும்.

கால்சியம் உடம்பில் ஏற வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு நேர்வெயில் வேண்டும். வெயிலிலுள்ள யுவிபி என்ற புறஊதாக் கதிர்தான் தோலில் டி3 உண்டாக்கும்; கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது இராது. காலை எட்டு மணிக்கு மேல் அரைமணி நேரம், வலை போட்ட தொட்டியில், பாதி நிழல் இருக்கும்படி விடுங்கள். நிழல் கட்டாயம். சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டி சில நிமிடங்களிலேயே ஆமையைக் கொன்றுவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்ப்பவர்கள் யுவிபி விளக்கு போட்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். எரிந்துகொண்டேயிருந்தாலும் கதிர் குறைந்துபோயிருக்கும்.

தரையில் தென்னை நார்க்கழிவை நாலு விரற்கடை பரப்பி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வையுங்கள். காய்ந்த தரையில் குட்டியின் ஓடு மேடுமேடாக வளரும்; சேறாகக் கிடந்தால் அடிவயிற்று ஓடு அழுகும். போர் தண்ணீர் ஓட்டில் விடும் வெள்ளைப்படிவு நோயல்ல, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அடியோட்டில் குறுக்கே ஒரு கீல் உண்டு. மிரண்டால் பெட்டிபோல முழுதாக மூடிக்கொள்ளும். மூடமுடியாமல் கால் இடுக்கில் சதை பிதுங்கினால் தீனி மிஞ்சிவிட்டது. வளர்ந்த ஆமையின் ஓட்டு விளிம்பை விரலால் அழுத்தும்போது அமுங்கினால், தகடு கிளம்பினால், நாற்றம் வந்தால், நீர்த்த போவிடோன் அயோடினில் (வெளிர்த் தேநீர் நிறம்) துடைத்து, உலர்ந்த துணிமேல் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.