எல்லைத் தமிழர் தம் மனுவில் அரசியலமைப்பைத் துணைக்கு அழைப்பது எப்படி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் வாழும் தமிழர்கள் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்கும்போது முதலில் எழும் தயக்கம், மனுவை எந்த மொழியில் எழுதுவது என்பதே. மாநிலங்கள் மொழிவழியாக அமைந்த 1956இல், எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட மக்களை மனத்தில் வைத்து, ஏழாவது திருத்தத்தின் மூலம் தாய்மொழித் தொடக்கக் கல்வி பற்றிய 350ஏ, மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலர் பற்றிய 350பி என்ற இரு பிரிவுகள் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டன. அவற்றை மேடையில் சொல்பவர்கள் உண்டு. மனுவில் எழுதுபவர்கள் குறைவு. எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, குறையை ஒரே ஒரு செயலாகச் சுருக்குவது. "எங்கள் பகுதியில் தமிழுக்கு மதிப்பில்லை" என்பது மனு ஆகாது. அதற்கு எந்த அதிகாரியும் பதில் எழுத முடியாது. "எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ்வழி மூன்றாம் வகுப்புக்கு ஜூன் மாதத்திலிருந்து ஆசிரியர் இல்லை, ஆசிரியரை நியமிக்க வேண்டுகிறோம்" என்பது மனு. என் அண்டை வீட்டார் ஒருவர் நான்கு பக்கங்களில் தம் வேதனை முழுவதையும் எழுதி எடுத்துச் சென்றார். என்ன வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் மறைந்து கிடந்தது. அன்றிலிருந்து, கேட்க வேண்டியதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

அடுத்தது மொழி. ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரியிடமும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்கக் கோரி முறையிடலாம் என்கிறது 350ஆம் பிரிவு. "ஆட்சி மொழி" என்று சொல்லாமல் வழக்கிலுள்ள மொழி என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. அந்தக் குறையை நிரப்புவது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம்: தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், துறைத் தலைவர்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம், பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே மனுவின் தலைப்பில் இவ்விரண்டையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். ஒன்று உங்கள் சொல்லை ஏற்க வைக்கும், மற்றொன்று உங்களுக்குப் புரியும் பதிலைக் கேட்டுப் பெற உதவும்.

எந்தப் பிரிவைக் காட்டுவது என்பதில்தான் அதிகக் கவனம் தேவை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலமும் உள்ளாட்சியும் "முயல வேண்டும்" என்பதுதான் 350ஏ பிரிவின் நடை. முயற்சி செய்தோம் என்று ஒரு வரியில் பதில் தந்துவிட இடமுண்டு. அதனால் அதைத் தனியே நிறுத்தாமல், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ பிரிவோடும், இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்னும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடும் இணைத்து எழுதுங்கள்.

சாதிச் சான்றிதழ் குறித்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இதில் ஏமாந்து நிற்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகள் மாநிலம் வாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி, குடிபெயர்ந்தவரோடு கூடவே அடுத்த மாநிலத்துக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் குடும்பம், பட்டியல் சாதிகளை அறிவித்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தது என்பதைக் காட்டும் தோட்டப் பணிப் பதிவேடு, பள்ளிப் பதிவு, நில ஆவணம் ஆகியவற்றைத் தேடி எடுத்துவைப்பதே மனுவின் உயிர். தாத்தாவின் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

வீடு, கழிப்பறை, குடிநீர் போன்றவற்றுக்கு அலுவலகத்தைவிடக் கிராம சபையே பொருத்தமான இடம். 73ஆவது திருத்தம் 243ஏ பிரிவின் வழியாக அதற்கு அரசியலமைப்புத் தகுதி தந்தது. கேரளத்தில் ஒவ்வொரு வார்டின் வாக்காளர்களும் சேர்ந்ததே கிராம சபை. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பயனாளிகள் பட்டியல் அங்கே பேசப்படுவதால், வேலைக்குப் போய்விட்டு அந்தக் கூட்டத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு. உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

மனுவைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது, ஏனெனில் அச்சட்டம் இந்தி, ஆங்கிலம், அப்பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் ஆக்க உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

அதற்கும் பயனில்லை என்றால் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் உள்ளிட்டோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் செல்லும்போது மனுவின் நகல், ஒப்புகை, வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.