‘யூஷுவலி’யை எங்கே வைப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நம் பிள்ளைகள் வேலைக்கு நேர்காணல் போனால், ஆங்கிலத்தில் அன்றாடக் கேள்விகள்தான் முதலில் வரும்: எதில் வருவாய், எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய். பதில் முழுக்க ‘ஆல்வேஸ்’ ஆக இருக்கும். அங்கெல்லாம் ‘யூஷுவலி’தான் பொருந்தும்.

படி 1: பொருள்

‘யூஷுவலி’ என்றால் வழக்கமாக. பெரும்பாலான நாள் அப்படி, சில நாள் அப்படியில்லை. ‘ஆல்வேஸ்’ ஒருநாளும் தவறாதது. நமக்கு இரண்டும் கலந்துபோவதில் ஆச்சரியமில்லை. வீட்டில் “எப்பவும் ஆறு மணிக்கே போயிடுவேன்” என்கிறோம். கடைத்தெருவில் மலாயில் ‘செலாலு’ என்கிறோம். இரண்டுமே தளர்வாக ஓடும் சொற்கள், ‘அடிக்கடி’ என்பதற்கும் சரிப்படும்.

ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் வெட்டினால் பால் நன்றாக இறங்கும் என்று இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். ஆனால் ராத்திரி மழையில் பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். ஆகவே “தே யூஷுவலி ஸ்டார்ட் பிஃபோர் சன்ரைஸ்.” ‘ஆல்வேஸ்’ போட்டால் மழைநாள் அதைப் பொய்யாக்கிவிடும். நீங்கள் சொல்லும் பழக்கத்துக்கும் அப்படி ஒரு மழைநாள் உண்டா? இருந்தால் ‘யூஷுவலி’.

படி 2: இடம்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். தமிழில் ‘வழக்கமாக’வை எங்கே போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லைப் பார்த்துத்தான் இடம்.

சாதாரண வினை என்றால் அதற்கு முன்னால்: “ஐ யூஷுவலி டேக் த பஸ்.”

ஆம், இஸ், ஆர் வந்தால் அதற்குப் பின்னால்: “த பஸ் இஸ் யூஷுவலி லேட்.”

கேன், வில் போன்ற துணைவினை இருந்தால் அதற்கும் வினைக்கும் நடுவில்: “யூ கேன் யூஷுவலி ஃபைண்ட் ஹிம் அட் த மில்.”

வாக்கியத்தின் தலையிலும் வைக்கலாம்: “யூஷுவலி, ஐ டேக் த பஸ்.” இந்தச் சலுகை ‘ஆல்வேஸ்’க்குக் கிடையாது.

படி 3: வினையின் வால்

ஹீ, ஷீ வந்தால் வினையின் கடைசியில் ‘எஸ்’ வேண்டும்: “ஷீ யூஷுவலி குக்ஸ்.” நடுவில் ஒரு சொல் புகுந்ததும் பலர் அந்த ‘எஸ்’ஸைத் தொலைத்துவிடுகிறார்கள். எழுதும்போது இன்னொன்று: ‘யூஷுவலி’யில் இரண்டு ‘எல்’.

படி 4: கேள்வியும் மறுப்பும்

“வாட் டைம் டு யூ யூஷுவலி ஸ்டார்ட்?” “ஐ டோன்ட் யூஷுவலி வொர்க் ஆன் சண்டேஸ்.” இந்த இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள், விதி பிறகு தானாகப் புரியும்.

படி 5: ‘யூஸ்ட் டு’ வேறு

காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கிறது என்பதால் இதை ‘யூஷுவலி’ வர வேண்டிய இடத்தில் போடுகிறார்கள். ‘யூஸ்ட் டு’ முன்பு இருந்து இப்போது இல்லாததற்கு. ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில் தாத்தா சொல்ல வேண்டியது “ஐ யூஸ்ட் டு டேப் ரப்பர்.” இன்றும் மில்லுக்குப் போகிற அப்பா சொல்ல வேண்டியது “ஐ யூஷுவலி வொர்க் அட் நைட்.” நிகழ்காலத்தில் ‘ஐ யூஸ் டு’ என்று ஒரு வடிவமே இல்லை. தினமும் பஸ்ஸில் வருகிறவர் நேர்காணலில் “ஐ யூஸ்ட் டு டேக் த பஸ்” என்றால், இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறார் என்றுதான் எதிரே இருப்பவர் எழுதிக்கொள்வார்.