விழுந்தவனின் முறையைப் பறிக்காதீர்கள்

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் மாடிவீட்டில், போயா எனும் முழுநிலா விடுமுறை நாட்களில் நாங்கள் டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். ஒருமுறை ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்களில் இளையவனான தம்பியின் மந்திரவாதியை ஓநாய் ஒன்று கடித்துத் தரையில் வீழ்த்தியது. “விழுந்துவிட்டாய் தம்பி, எழும்புவதிலேயே உன் முறை முடிந்துவிடும்” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் பகடையை மேசையில் வைத்தான். அடுத்த சுற்றில் மூன்று ஓநாய்களும் சேர்ந்து அந்த மந்திரவாதியைக் கொன்றுவிட்டன.

இரவு விதிநூலைத் திறந்தபோது நெஞ்சு கனத்தது. எழும்புவதற்குச் செயல் எதையும் செலவிட வேண்டியதில்லை. நகர்வில் பாதி போதும். 30 அடி நகரக்கூடியவன் 15 அடியைக் கொடுத்து எழும்பலாம், மீதி 15 அடி நடக்கலாம், மந்திரமும் போடலாம். படுத்தபடியே மந்திரம் போடவும் தடையில்லை. அவனிடம் இருந்ததை எல்லாம் நான் பறித்திருந்தேன்.

விழுந்தது, வசியப்பட்டது, நஞ்சேறியது போன்று ஒரு பாத்திரத்துக்கு நேர்பவற்றை விதிநூல் ‘நிலைகள்’ என்கிறது. அவற்றைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு வீரனின் முறையில் செயல் இருக்கிறது, நகர்வு இருக்கிறது, சிலருக்குப் போனஸ் செயலும் உண்டு. மற்றவர் முறையில் பயன்படும் எதிர்வினை தனி. விதிநூலில் உள்ள 15 நிலைகளில் ஒவ்வொன்றும் இவற்றில் எதை அடைக்கிறது, எதைத் திறந்து விடுகிறது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. நாமோ நிலையின் பெயரைக் கேட்டதும் அந்தச் சொல்லின் அன்றாடப் பொருளை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் விளையாடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ‘மயக்கம்’ என்ற ஒரே சொல் மூன்று நிலைகளுக்குப் பொருந்தும். வசியத்தில் மயங்கியவனும் மயங்கியவன். அடிபட்டுத் தலை சுற்றி நிற்பவனும் மயங்கியவன். நினைவிழந்து விழுந்தவனும் மயங்கியவன். விதியில் இம்மூவரும் மூன்று உலகங்கள். வசியப்பட்டவன் வசியம் செய்தவளைத் தாக்கவோ, கேடு தரும் மந்திரத்தை அவள்மீது ஏவவோ முடியாது. அவளுடைய காவலர்களைத் தாராளமாக வெட்டலாம். அவனை அவளது பொம்மையாக ஆட்டுவிப்பது தவறு. தலை சுற்றி நிற்பவனுக்குச் செயலும் இல்லை, எதிர்வினையும் இல்லை. அவனைத் தாக்குபவர் இரண்டு பகடை உருட்டிக் கூடியதை எடுத்துக்கொள்ளலாம்; இதற்குச் சாதகம் என்று பெயர், குறைந்ததை எடுக்க வேண்டியிருந்தால் பாதகம். ஆனால் அவன்மீது படும் அடி தானாகவே உச்ச அடியாகிவிடாது, அதாவது சேதப் பகடைகள் இருமடங்காகிவிடாது. அந்தச் சலுகை, உடல் முடங்கியவன்மீதும் நினைவிழந்தவன்மீதும், அதுவும் தாக்குபவர் 5 அடிக்குள் நின்றால் மட்டுமே கிடைக்கும். ஆகவே எங்கள் மேசையில் ‘மயக்கம்’ என்ற சொல்லையே விலக்கிவிட்டோம். வசியம், திகைப்பு, நினைவிழப்பு என்று பிரித்துச் சொல்கிறோம். பாதிச் சண்டை தீர்ந்தது.

விழுந்தவன்மீது அம்பு எய்வதும் பலர் சறுக்கும் இடம். அருகில் நின்று வெட்டுபவருக்குத்தான் சாதகம். 5 அடிக்கு அப்பால் இருந்து எய்பவருக்கு அது பாதகம். தரையோடு கிடப்பவனைக் குறிபார்ப்பது கடினம். ஒருவனைப் பிடித்துக்கொண்டு பிறகு தள்ளி விழுத்தினால் கதை வேறு: பிடிபட்டவனின் வேகம் பூச்சியம், எனவே எழும்ப வழியில்லை. அப்போதும் அவன் வாள் வீசலாம், மந்திரம் போடலாம்.

அச்சமும் நஞ்சும் தாக்குதல் உருட்டலையும் திறன் உருட்டலையும் கெடுக்கும். மந்திரம், நஞ்சு போன்ற கேட்டிலிருந்து தப்ப உருட்டும் தற்காப்பு உருட்டலைத் தொடுவதில்லை. நஞ்சேறிய மந்திரவாதி தீக்கோளம் எறிந்தால் அதன் வலிமை குறையாது, ஏனெனில் அங்கே தப்புவதற்காகத் தற்காப்பு உருட்டலை உருட்டுபவர் எதிரி. பிடியிலிருந்து விடுபட முயல்வது திறன் உருட்டல் என்பதால் அதை நஞ்சு கெடுக்கும். இரண்டு பாதகங்கள் சேர்ந்தாலும் ஒன்றாகவே கணக்கு. எதிரே ஒரு சாதகம் வந்தால் எல்லாம் சமன்.

இந்த ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளையும் 2024இல் திருத்திய விதிகளையும் கலக்காதீர்கள். பழையதில் பிடிபட்டவன் யாரையும் தடையின்றித் தாக்கலாம். புதியதில் பிடித்தவரைத் தவிர மற்றவரைத் தாக்கினால் பாதகம். இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்ற வேறு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பிலோ எழும்புவதற்கு மூன்று செயல்களில் ஒன்று உண்மையாகவே போகும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு இன்னொன்று: முடங்கியவனின் முறை வரும்போது அவனைத் தாண்டிப் போய்விடுவது. பல முடக்கங்களில் அவனுக்குரிய தற்காப்பு உருட்டல் அந்த முறையின் முடிவில்தான் வருகிறது. தாண்டினால் விடுபடும் வாய்ப்பும் போய்விடும். முடக்கிய மந்திரத்தை எதிரி மனத்தை ஒருமுகப்படுத்தித் தாங்குகிறான் என்றால், அவனைத் திகைக்க வைத்தாலே அது கலைந்துவிடும் என்பதையும் தோழர்கள் மறக்கக் கூடாது.

சென்ற போயா அன்று அதே தம்பியின் புதிய பாத்திரத்தைப் பிணந்தின்னி ஒன்றின் நகம் கீறி முடக்கியது. நாங்கள் ஆடுவது 2014 விதி. அவன் முறை வந்ததும் பெயர் சொல்லி அழைத்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். “முறை முடிகிறது, உருட்டு” என்றேன். தேவைப்பட்டது 10. விழுந்தது 14.